செத்தவன் சொல் செல்லுமா?

போன வருஷம் மாசி மாசத்தில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். நம் ஆள்தான். ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். தாளில் மூன்று வரி. ஒன்று, என்னை எரிக்கக் கூடாது, எங்கள் சேரிச் சுடுகாட்டில் நைனாவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். இரண்டு, அய்யர், பூசாரி, பாதிரி யாரும் வரக் கூடாது, சடங்கு எதுவும் கூடாது. மூன்றாவது வரியைக் கடைசியில் சொல்கிறேன். இதை உயிலாக எழுதிப் பதிவு பண்ணிக் கொடுங்கள் என்றேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"எப்பா, வூட்டை எழுதலாம். நெலத்தை எழுதலாம். மாட்டை எழுதலாம். ஒடம்பை எழுத முடியாது. அது உன் சொத்து கெடையாது."

"அப்ப யாரு சொத்து?"

"யாரு சொத்தும் கெடையாது. பொணத்துக்குச் சட்டத்துல சொந்தக்காரன் கெடையாது. எடுத்து அடக்கம் பண்ற கடமைதான் உண்டு. அதுவும் உசுரோட இருக்கிறவங்களுக்கு. உன் தாளு அவங்களுக்கு ஒரு யோசனை, அவ்ளோதான்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதுவே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தாத்தா ஆண்டை வீட்டில் கடனுக்காகப் பண்ணையில் கிடந்தவர். அந்தக் கடனுக்கு நைனாவும் எட்டு வயசிலிருந்து மாடு மேய்த்திருக்கிறார். உயிரோடு இருந்தவரைக்கும் எங்கள் உடம்புக்குச் சொந்தக்காரன் இருந்தான். செத்த பிறகுதான் இந்த உடம்பு யாருக்கும் சொந்தமில்லாததாக ஆகிறது. என்ன கருணை பாருங்கள் இந்தச் சட்டத்துக்கு!

வக்கீல் சொன்ன சட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். இங்கிலாந்தில் 1882இல் ஒரு தீர்ப்பு. குரூக்கெண்டன் என்று ஒருவர், தன்னை எரித்துச் சாம்பலை ஒரு ஜாடியில் போட வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்தப் பொறுப்பைத் தன் சிநேகிதி ஒருவரிடம் எழுதிக் கொடுத்தார். அவர் செத்ததும் குடும்பத்தார் கேட்கவில்லை, புதைத்துவிட்டார்கள். அந்த அம்மா விடவில்லை. வேறு இடத்தில் புதைக்கப் போகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கித் தோண்டி எடுத்து, இத்தாலியில் மிலான் நகரத்துக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார். பிறகு செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். செத்தவன் உடம்பு சொத்து அல்ல, அதனால் அதை உயிலில் எழுதிவைக்க முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் வழியில் வந்த அந்தக் கருத்துதான் இங்கும். ஒருவன் தன் சாவைப் பற்றிச் சொன்னதை நிறைவேற்றித்தான் ஆகவேண்டும் என்று கட்டளையிடும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஐந்து வருஷம் கழித்து 1887இல் பிரான்சில் நேர் எதிராக ஒரு சட்டம் போட்டார்கள். உயில் எழுதத் தகுதியுள்ள எவரும் தன் சாவு மதச் சடங்கோடு நடக்க வேண்டுமா, இல்லாமல் நடக்க வேண்டுமா என்று தீர்மானிக்கலாம், அதை மீறுவது குற்றம். பாதிரிமார்களின் பிடியை உடைக்கப் போட்ட சட்டம் அது. படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சட்டத்துக்காக இல்லை. நைனாவுக்காக.

நைனா எங்கள் ஊருக்கு வெட்டியான். ஊர் என்றால் ஊர்த்தெரு. அங்கே யார் செத்தாலும் பக்கத்து ஊர்களுக்கு எழவு சொல்லப் போவது, மோளம் அடிப்பது, கட்டை அடுக்கி எரிப்பது, விடிய விடிய நெருப்புக்குப் பக்கத்தில் கிடந்து மறுநாள் எலும்பு பொறுக்கிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். கிடைப்பது நெத்திக்காசு, முழத்துணி, கொஞ்சம் அரிசி, சாராயம். சாராயம் இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது செய்தவனுக்குத்தான் தெரியும். குடிகாரப் பறையன் என்று திட்டினவனும் ஊற்றிக் கொடுத்தவனும் ஒரே ஆள்தான்.

நான் எட்டாவது படிக்கும்போது பெரியவூட்டு ஆண்டை செத்தார். சாவதற்கு நாலு நாள் முன்னால் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தன் சாவுக்கு எங்கள் நைனாதான் மோளம் அடிக்க வேண்டும், அவன் கையால்தான் எரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பாசமாம்! ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனது. நைனாவுக்கு அப்போது ஒரு வாரமாகக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. "ஆண்டையோட கடைசி ஆசைடா, தட்டக் கூடாது" என்று சொல்லி இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பகல் பூராவும் அடித்து, ராத்திரி பூராவும் எரித்துவிட்டு, விடிந்து வந்து திண்ணையில் விழுந்தவர் ஒரு மாசம் எழுந்திருக்கவில்லை. அந்த ஆசையை யாரும் பத்திரத்தில் எழுதவில்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை, எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் செத்தவன் சொல் செல்லுபடியாயிற்று. அது கட்டிப்போட்டது ஆண்டையின் பிள்ளைகளை இல்லை, எங்கள் நைனாவை.

நைனாவும் ஒரு ஆசை சொன்னார். 1998ஆம் வருஷம். இளைப்பு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பிறகு நம் பிள்ளைகள் பல ஊர்களில் எழவுக்குப் போக மாட்டோம், மோளம் அடிக்க மாட்டோம் என்று நின்ற காலம். எங்கள் ஊரிலும் நின்று போயிருந்தது. இன்னொரு பக்கம் அதே பறை தலித் கலை விழாக்களில் மேடையேறியது. இழிவு என்று சொன்னதை நெஞ்சு நிமிர்த்தி அடித்தார்கள். நான் அந்தக் குழுக்களோடு சுற்றிக்கொண்டிருந்தேன். பறை என்றால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். ஒரு ராத்திரி நைனா கூப்பிட்டார்.

"டேய், நான் போனா எனுக்கு முன்னாடி மோளம் அடிக்கக் கூடாது. கேட்டுக்க. சும்மாத் தூக்கினு போயிப் பொதைங்க. அவனுங்க எழவுக்கெல்லாம் அடிச்ச சத்தம் காதுலயே கெடக்குது. நான் போறப்பவாவது சத்தம் இல்லாமப் போறன்."

"செரி நைனா" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அன்றைக்குக் கொஞ்சம் இருமல் இல்லாமல் தூங்கினார்.

ஆடி மாசம் செத்தார். நான் போய்த் தோழர்கள் பன்னிரண்டு பேரைப் பறையோடு கூட்டி வந்தேன். மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை அடித்தோம். நானும் வாங்கி அடித்தேன். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு "வோணாம்னாரேடா" என்றார். "இது வேற அடிம்மா, விடுதலை அடி" என்றேன். "வேற அடின்னு அவருக்கு என்னாடா தெரியும்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் போய் மறுபடி அடித்தேன். வெட்டியானாக இருந்தவருக்குக் குழி வெட்டியது சித்தப்பா மகன். நான் மண்வெட்டியைத் தொடவில்லை, எனக்கு நேரமில்லை. அடுத்த மாசம் ஒரு சிறு பத்திரிகையில் அந்தச் சாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அடிமைப் பறை விடுதலைப் பறையான கதை என்று புகழ்ந்திருந்தது. எழுதியது நான்தான்.

பல வருஷம் இது எனக்கு உறுத்தவில்லை. யாராவது கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தேன். ஆவி இல்லை, ஆத்துமா இல்லை, செத்தவனுக்கு எதுவும் கேட்காது. கேட்காதவனுக்கு எப்படித் துரோகம் செய்ய முடியும்? சாவு உயிரோடு இருக்கிறவர்களுக்கானது, சமூகத்துக்கானது. ஒரு தலித்தின் பிணம்கூட அரசியல்தான்.

இந்தப் பதிலில் முதல் பாதி சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். செத்த நைனாவுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் "செரி நைனா" என்று சொன்னது செத்தவரிடம் இல்லையே. உயிரோடு, இளைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷனிடம் சொன்னேன். அந்தச் சொல்லை நம்பி அவர் தூங்கினார். அந்தத் தூக்கத்தை நான் பொய்யாக்கினேன். தீங்கு நடந்தது பிணத்துக்கு இல்லை, அந்த ராத்திரியில் தூங்கின மனுஷனுக்கு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆவி நம்பிக்கை தேவைப்படவில்லை. இருபது வருஷம்தான் தேவைப்பட்டது.

சரி, அப்படியானால் ஆண்டையும் உயிரோடுதானே ஆசையைச் சொன்னார்? அவர் பிள்ளைகளும் சரி என்றுதானே சொன்னார்கள்? அவர் ஆசையை மீறியிருந்தாலும் துரோகம்தானா? இல்லை என்கிறேன். நைனா கேட்டது தன் உடம்பைச் சும்மா விடச் சொல்லி. அதற்கு யாரும் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. ஆண்டை கேட்டது இன்னொருவன் கையை. அவர் பிள்ளைகள் வாக்குக் கொடுத்தது நைனாவின் உடம்பை வைத்து. தன் உடம்புக்கு என்ன செய்யக் கூடாது என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டு. அடுத்தவனை வேலை ஏவச் செத்தவனுக்கு உரிமை இல்லை. சாவு ஆசைகளுக்கெல்லாம் சட்ட பலம் கொடு என்று கேட்கிற நம் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். பிரான்சுச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்கினால், ஊர் வழக்கப்படி வெட்டியான் எரிக்க வேண்டும் என்று எத்தனை உயில் வரும் தெரியுமா? நல்லவேளையாக 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியாரைப் பிணம் தூக்க வைப்பதையும் குழி வெட்ட வைப்பதையும் குற்றம் என்று எழுதியிருக்கிறது. காய்ச்சலோடு கிடந்த நைனாவைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு அப்போது அது இல்லை.

சட்டம் ஆசையை மதிக்கிற இடமும் ஒன்று உண்டு. உடல் தானம். கேரளத்தில் சிபிஎம் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தார். உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததாக மகன் சொன்னார். இல்லை, மாதா கோயில் முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று மகள் வழக்குப் போட்டார். சாட்சிகள் இருவர் முன்னால் கடைசி நோயில் வாயால் சொன்னாலும் போதும் என்கிறது கேரள உடற்கூறு இயல் சட்டம். உயர்நீதிமன்றம் தானத்தை ஏற்றது, 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஆக, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றால் செத்தவன் சொல்லுக்குச் சட்டத்தில் காது இருக்கிறது. மண்ணுக்குள் போகிறவன் சொல்லுக்குத்தான் இல்லை. உறுப்பு தானத்துக்கு 1994 சட்டம் இருந்தும், குடும்பம் வேண்டாம் என்றால் நடைமுறையில் எடுப்பதில்லை.

நைனா விஷயத்தில் தடையாக நின்றது நான், பெற்ற பிள்ளை. இதைச் சொல்வதால் ஊரையும் என்னையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சனங்களுக்கு ஆசை சொல்லி, பிள்ளையும் ஒப்புக்கொண்டு, அதற்கப்புறமும் பிணம் நகராது. 2016 ஜனவரியில் அப்போதைய நாகை மாவட்டத்துத் திருநாள்கொண்டச்சேரியில் நூறு வயசுப் பெரியவர் ஒருவர் செத்தார். வழுவூர்ப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று குடும்பம் உயர்நீதிமன்றம் போய் உத்தரவே வாங்கி வந்தது. என்ன நடந்தது? போலீசும் அதிகாரிகளும் பிணத்தைக் கைப்பற்றி வேறு வழியாகத் தூக்கிக்கொண்டு போய்த் தாங்களே புதைத்தார்கள். சுடுகாட்டைச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமை என்று சொல்கிற திருத்தம் அமலுக்கு வந்தது அதே மாசம் 26ஆம் தேதி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நிலத்துக்காரர்கள் வழி விடாததால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் பாடையைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2020 செப்டம்பரில் உத்தரப் பிரதேசம் ஹத்ராசில், 19 வயசுப் பெண்ணின் உடலை வீட்டாரைப் பக்கத்தில் விடாமல் நடுராத்திரியில் போலீசே எரித்தது. இங்கே எந்த உயிலைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

2025இல் பஸ்தர் வழக்கு வந்தது. சத்தீஸ்கரில் சிந்த்வாடா கிராமம். மஹரா சாதியிலிருந்து கிறிஸ்தவரான ஒரு போதகர் ஜனவரி 7ஆம் தேதி இறந்தார். தாத்தாவும் அத்தையும் கிடக்கிற கிராமத்துச் சுடுகாட்டில் புதைக்க வேண்டும் என்றார் மகன். கிராமம் விடவில்லை. இருபது நாள் பிணவறையில் கிடந்தது உடம்பு. உச்சநீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளுக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. குடும்பத்தின் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார் நாகரத்னா. இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற கிறிஸ்தவர் இடுகாட்டில்தான் என்றார் சதீஷ் சந்திர சர்மா. மூன்றாவது நீதிபதிக்கு அனுப்பினால் இன்னும் நாளாகும் என்று அந்தத் தூரத்து இடுகாட்டுக்கே அனுப்பி முடித்தார்கள். பிணத்துக்கும் கண்ணியம் உண்டு, அது வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 1995லேயே சொன்ன நீதிமன்றம்தான். கண்ணியம் உண்டு, ஆனால் தாத்தா பக்கத்தில் இடம் இல்லை.

நம்மில் பெரிய ஆளாக இருந்தால் மட்டும்? கலைஞர் 2018 ஆகஸ்டில் இறந்தபோது, மெரினாவில் அண்ணா பக்கத்தில் இடம் தர அரசு மறுத்தது. ராத்திரியே வழக்கு எடுத்து மறுநாள் காலையில் இடம் கிடைத்தது. 2023 டிசம்பரில் விஜயகாந்தைக் கோயம்பேட்டில் கட்சி அலுவலகத்திலேயே அடக்கம் செய்ய முடிந்தது. 2024 ஜூலையில் வெட்டிக் கொல்லப்பட்ட பகுஜன் சமாஜ் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கைப் பெரம்பூரில் கட்சி அலுவலகத்தில் அடக்கம் செய்ய அவர் மனைவி கேட்டபோது, குடியிருப்புப் பகுதி, குறுகலான தெரு என்று சொல்லி நீதிமன்றம் மறுத்தது. பொத்தூரில் தனியார் நிலத்தில்தான் பௌத்த முறைப்படி அடக்கம் நடந்தது. தெரு குறுகல் என்பது பொய்யில்லை. நம் ஆட்கள் குடியிருக்கிற தெரு எல்லாமே குறுகல்தானே!

இதையெல்லாம் பார்க்கும்போது செத்தவனுக்கு என்ன தெரியும் என்கிற வாதத்தின் இன்னொரு முகம் தெரிகிறது. பிணம் வெறும் கட்டை என்றால் அது பொதுத்தெருவில் போவதற்கு ஊர் ஏன் பயப்படுகிறது? பாலத்திலிருந்து ஏன் இறக்க வைக்கிறது? செத்த உடம்பிலும் சாதி இருக்கிறது என்று நம்புகிறவன் அவன்தான். செத்த உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நாம் மட்டும் பகுத்தறிவு பேசி விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் இதை வேறு மாதிரி செய்தார். இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்தார். அதைவிடப் பெரிய சாவு ஆசை ஏது? ஆனால் அதை எழுதிவைத்துவிட்டு நிறைவேற்றுகிற வேலையை மற்றவர்கள் தலையில் கட்டவில்லை. 1956 அக்டோபர் 14இல் தானே பௌத்தராகி முடித்துக்கொண்டார். டிசம்பர் 6இல் இறந்தார். நடுவில் 53 நாள். தாதர் கடற்கரையில் பௌத்த முறைப்படி அவரை எரித்தபோது, அந்த இடத்திலேயே பல்லாயிரம் பேர் தீட்சை வாங்கினார்கள். அவர் சொல்லை யாரும் மாற்ற முடியவில்லை, ஏனென்றால் மாற்றுவதற்கு அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. எல்லோருக்கும் இது முடியாது. குழிக்குப் போகிற வழியை உயிரோடு இருக்கும்போதே நடந்து முடித்துவிட முடியுமா என்ன?

இப்போது அந்த மூன்றாவது வரி. "என் குழியை என் பிள்ளைகளே தங்கள் கையால் வெட்ட வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது." ஏன் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும். வக்கீல் முடியாது என்று சொன்ன பிறகு தாளைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு பேர் சாவை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறவள். நைனா கதை, ஆண்டை கதை எல்லாம் அவளுக்குத் தெரியும். நின்றுகொண்டே படித்தாள்.

"ஏம்ப்பா, அடுத்தவங்க கைய ஏவ செத்தவங்களுக்கு உரிமை இல்லன்னு நீங்கதான சொல்லுவீங்க? இது மட்டும் என்னா?"

"பெத்த பிள்ளைங்கதானம்மா?"

"ஆண்டையும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு, நம்ம ஆளுதானன்னு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள். "தாத்தா மோளம் வேணாம்னாரு. நீங்க அடிச்சீங்க. நாங்க மட்டும் உங்க பேச்சக் கேப்போம்னு எப்பிடி நம்புறீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வரியைப் பென்சிலால் அடித்தேன். பேனாவால் அடிக்க மனசு வரவில்லை. அவள் தாளை வாங்கி மடித்து, பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தாள்.